கொட்டியாரக் குடாவில் முதல் தூண்டில்

“பெரியப்பா, படகில் படுக்கை எத்தனை?”

கனடாவிலிருந்து வந்திருந்த என் பெறாமகன் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேரளத்துக் காயலில் மிதக்கும் வீட்டுப் படகுகளின் படங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். காடு, ஆறு, படகிலேயே உறக்கம், விடிந்ததும் தூண்டில் என்று ஒரு கனவு. மறுநாள் விடியற்காலை மூதூர்க் கரையில் நின்ற ஃபைபர் படகைக் காட்டினேன். படுக்கை இல்லை, கூரை இல்லை, கழிப்பறை இல்லை. குறுக்கே மூன்று பலகைகள், பின்னால் ஓர் எஞ்சின், நடுவில் ஓர் ஐஸ் பெட்டி. பையனின் முகம் சுருங்கிவிட்டது. மதியம் கரைக்குத் திரும்பியபோது இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தவனும் அவன்தான்.

திருகோணமலையில் ஒரு மீனவரின் படகில் அரை நாள் தூண்டில் போடப் போக நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலையில் குடாவுக்குள் கைத்தூண்டில், பிறகு மகாவலி கடலில் கலக்கும் இடத்துக் கண்டல் காடுகளுக்குள் வீச்சுத் தூண்டில். இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம். இலங்கையின் மிக நீண்ட ஆறு 335 கிலோமீற்றர் ஓடிவந்து இந்தக் குடாவில்தான் முடிகிறது. அதே குடாவுக்குள் ஓர் ஆழ்கடல் பள்ளத்தாக்கும் தொடங்குகிறது. திமிங்கிலங்கள் நமது கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்கு அந்தப் பள்ளத்தாக்குதான் காரணம். ஆற்றுவாய் மீனும் வெளிக்கடல் மீனும் ஒரே காலைக்குள் கைக்கு எட்டுவதும் அதனால்தான்.

முதல் வேலை: காற்று

படகோட்டியைத் தேடும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். கிழக்குக் கரைக் கடலுக்கு இரண்டு குணங்கள். ஒக்டோபரில் மழை பிடித்தால் ஜனவரி வரை, சில ஆண்டுகளில் பெப்ரவரி வரையும், கடல் நம்முடையதல்ல. வாடைக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். 1964 டிசம்பர்ப் புயல் திருகோணமலை வழியாகத்தான் கரையேறியது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் கரையைக் கடந்ததும் நமது மாவட்டத்தில்தான். டிசம்பர் விடுமுறைக்கு வரும் உறவுகள் இந்த விடயத்தில் என்னோடு கோபித்துக்கொள்வதுண்டு. கோபித்துக்கொள்ளட்டும். அந்த மாதத்தில் யாராவது “இன்றைக்குக் கடல் பரவாயில்லை, வாருங்கள்” என்று கூப்பிட்டால், அவருக்குக் காசு அவசரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு ஏற்றவை மார்ச்சும் ஏப்ரலும். வாடை ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று தொடங்காத இடைவெளி அது. குடா குளம்போல் கிடக்கும். பிற்பகலில் இடி மழை வரக்கூடும், அதற்குள் நீங்கள் வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று. சுற்றுலாப் பயணிகள் வரும் காலமும் இதுதான். கடலைப் பார்த்தால் அலை இல்லாமல் தட்டையாகத் தெரியும். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுவே. சோளகம் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையோரம் அதன் மறைவில் இருப்பதால் தண்ணீர் அடங்கிக் கிடக்கிறது. சற்று வெளியே போனால் அலை எழும்பும். அங்கே எஞ்சின் நின்றுபோனால் காற்று படகைக் கரைக்குக் கொண்டுவராது, வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். வாடைக் காலத்துக் கடல் பயமுறுத்தி விரட்டும், சோளகக் காலத்துக் கடல் சிரித்துக் கூப்பிடும். எனக்கு இரண்டாவதில்தான் பயம் அதிகம்.

ஒரு நாளுக்குள்ளும் காற்றுக்கு ஒரு முறை உண்டு. விடியற்காலையில் தரையிலிருந்து மெல்லிய காற்று. பத்து, பதினொரு மணியானதும் தரை சூடேறிக் கடற்காற்று புகும். ஆகவே ஐந்து மணிக்குப் புறப்பட்டு பதினொரு மணிக்குள் கரையேறுவதே வழக்கம். “காலை உணவை முடித்துக்கொண்டு எட்டு மணிக்கு வருகிறோமே” என்று கேட்பவர்கள் கடலுக்குப் போகாமல் கடற்கரைக்குப் போகலாம். முதல் நாள் மாலை வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் பற்றிய அறிவிப்பைப் பாருங்கள். கொந்தளிப்பு என்று இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

நிலவையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம். நமது கடலில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீற்றர் வித்தியாசம்கூட வராது. என்றாலும் பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் ஆற்றுவாயில் நீரோட்டம் வேகமாக இருக்கும். கொடுவாய் மீன் பிடிக்க அது நல்லது. கைத்தூண்டில் பழகுகிறவருக்கு அது தொல்லை, ஈயம் தரையில் நிற்காமல் ஓடும். முதல் பயணத்தை அரைநிலா நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை: ஆள்

படகு எதுவானாலும் சமாளிக்கலாம். ஆள் சரியில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

வடக்கே நிலாவெளி, சல்லி, உப்புவெளி, நகருக்குள் திருக்கடலூர், தெற்கே கிண்ணியா, மூதூர் என்று எங்கும் படகோட்டிகள் இருக்கிறார்கள். ஆற்றுவாய்க்கும் போக வேண்டுமென்றால் தெற்கேதான் வசதி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் நகரிலிருந்து மூதூருக்குத் தரைவழிப் பயணம் எளிதாகிவிட்டது. 396 மீற்றர் நீளம், திறந்தபோது நாட்டிலேயே மிக நீண்ட பாலம். அதற்கு முன் பாதைப் படகுக்காகக் காத்துக் கிடந்த காலத்தை நினைத்தால், இப்போது நான்கு மணிக்கு எழும்பச் சொல்வதற்குக்கூட எனக்குக் கூச்சமில்லை.

விடுதிகளும் ஆள் பிடித்துத் தரும், கூலி கூடும். நான் சொல்லும் வழி வேறு. போவதற்கு ஒரு நாள் முன்பாகக் காலை எட்டு, ஒன்பது மணிக்குக் கரைக்குப் போங்கள். படகுகள் திரும்பும் நேரம் அது. யாருடைய படகில் வலை இல்லாமல் தூண்டில் மீன் இறங்குகிறது என்று பாருங்கள். வலைக்காரர் நல்ல மனிதராக இருக்கலாம், தூண்டில் சொல்லித்தருவது வேறு கலை. பேச்சுக் கொடுங்கள். வயதில் மூத்தவரை அண்ணன் என்றோ ஐயா என்றோ, மூதூர், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் படகோட்டி என்றால் நானா என்றோ அழைத்தால் பேச்சு தானாகத் தொடங்கும்.

நல்ல படகோட்டி உங்களைக் கேள்வி கேட்பார். நீந்தத் தெரியுமா? எத்தனை பேர், குழந்தைகள் உண்டா? முன்பு கடலில் போயிருக்கிறீர்களா, வாந்தி வருமா? இவை எதையும் கேட்காமல் “மீனுக்கு நான் பொறுப்பு” என்று சொல்பவரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த படகுக்குப் போங்கள். மீனுக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

நாள் குறிக்கும்போது அவருடைய கிழமையையும் கேளுங்கள். முஸ்லிம் மீனவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகமாட்டார்கள். கத்தோலிக்கர் ஞாயிறு பூசையை விடமாட்டார்கள். ஊர்க் கோயிலில் திருவிழா என்றால் அந்தக் கரையே வெறிச்சோடியிருக்கும். பணம் கூட்டித் தருகிறேன் என்று இந்த நாள்களில் வற்புறுத்துவது அநாகரிகம்.

கூலியைப் பேசும்போது ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். எரிபொருள் உள்ளேயா, வெளியேயா என்பது முதல் கேள்வி, ஏனென்றால் பயணத்தின் பெரிய செலவு அதுதான், விலையும் ஏறி இறங்கும். இரை யார் வாங்குவது, ஐஸ் யார் கொண்டுவருவது, பிடிபடும் மீன் யாருக்கு? மீன் பங்கைப் பற்றி முன்னாலேயே பேசாமல் கரையில் வந்து முகம் கோணிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கறிக்கு வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொண்டு மீதியை அவருக்கு விடுவதுதான் எனக்குத் தெரிந்த சுமுகமான ஏற்பாடு.

இன்னொன்று, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். “காற்றைப் பார்த்து இடையில் திரும்பினாலும் பேசிய கூலியைத் தருவேன்” என்று புறப்படும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். திரும்பினால் பாதிக் கூலிதான் கிடைக்கும் என்ற எண்ணம் ஒருவர் மனத்தில் இருந்தால், திரும்ப வேண்டிய நேரத்தில் அவர் இன்னும் அரை மணி பார்ப்போம் என்பார். அந்த அரை மணியை நீங்கள் உங்கள் பணத்தால் முன்கூட்டியே வாங்கிவிடுகிறீர்கள். இதைச் சொன்னபோது ஒரு நானா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் நாளைக்கு வேண்டாம், நாளை மறுநாள் வாருங்கள்” என்றார். அன்றிலிருந்து அவரைத் தவிர வேறு யாருடனும் நான் போவதில்லை.

உயிர்காப்பு அங்கி எத்தனை இருக்கிறது என்று கேட்பதோடு நிற்காமல் எடுத்துப் பாருங்கள். வார் அறுந்த, பூட்டு உடைந்த அங்கி வெறும் தலையணை. குழந்தைக்குப் பெரியவரின் அங்கி உதவாது, தண்ணீரில் விழுந்தால் உடம்பு நழுவி அங்கி மட்டும் மிதக்கும். எஞ்சின் நின்றால் பயன்பட ஒரு சவளாவது, அதாவது துடுப்பாவது, படகில் இருக்க வேண்டும்.

எங்கே போடக்கூடாது

நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாமலைத் தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றித் தூண்டில் போடக்கூடாது. உள்துறைமுகத்தில் கடற்படைத் தளத்தின் பக்கம் படகைத் திருப்பச் சொல்லிப் படகோட்டியைச் சங்கடத்தில் மாட்டாதீர்கள். தேசிய அடையாள அட்டையை, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கடவுச்சீட்டின் பிரதியை, பொலித்தீன் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடலாமை, டொல்பின், திமிங்கிலம் எல்லாம் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. ஆமை தூண்டிலில் சிக்கினால் இழுத்துப் படம் எடுக்காமல் நூலை அறுத்து விடுங்கள். வெடி வைத்துப் பிடித்த மீன் கரையில் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். வெட்டும்போது முள்ளந்தண்டு முறிந்து உள்ளே இரத்தம் கட்டியிருப்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். நீங்கள் தூண்டில் போடப்போகும் பாறைகளைச் சிதைப்பது அந்த வெடிதான்.

முதல் நாள் இரவு

பெரிய பை வேண்டாம். தொப்பி, அதைக் கட்ட ஒரு கயிறு, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர், ஒரு பழைய துவாய், கால் நழுவாத இறப்பர்ச் செருப்பு. ஒரு வெந்நீர்ப் போத்தலில் சர்க்கரை போடாத வெறும் தேநீர். அது குடிப்பதற்கு மட்டுமல்ல, காரணம் பிறகு சொல்கிறேன். தொலைபேசியை நீர் புகாத உறையில் போட்டு, மின்னேற்றி வைத்துக்கொள்ளுங்கள். சுவசரிய அம்புலன்சின் 1990 என்ற எண்ணை மனப்பாடம் செய்வது பெரிய வேலையல்ல.

கடலில் தலைசுற்றும் உடம்பு என்றால் மருந்தகத்தில் கேட்டு, புறப்பட ஒரு மணி நேரம் முன்பாகவே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை மீனுக்குத்தான் போகும். வெறும் வயிற்றோடு போவதும் பிழை, முதல் நாள் இரவு கொத்துரொட்டியை மலைபோல் சாப்பிட்டுவிட்டுப் போவதும் பிழை. காலையில் இரண்டு துண்டு பாண், ஒரு வாழைப்பழம் போதும். பிறகு படகில் பின்பக்கமாக, நடுவில் உட்கார்ந்து தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். படகின் முன்பகுதிதான் அதிகம் எழும்பி விழும். குனிந்து தூண்டில் முடிச்சைப் பார்த்தால் வயிறு புரளும், தொலைபேசித் திரையைப் பார்த்தால் அதைவிட விரைவாகப் புரளும்.

கரை மறையும் வரை

ஏறும்போது படகைக் கரைக்கு இழுத்து வைத்திருப்பார்கள். படகின் விளிம்பில் கால் வைக்காமல் நடுவில் வையுங்கள். ஏறியதும் அவர் காட்டும் இடத்தில் உட்காருங்கள், எடை சமப்படுத்துவது அவர் வேலை. ஓடும்போது எழுந்து நின்று படம் எடுப்பவரை எந்தப் படகோட்டிக்கும் பிடிக்காது.

வெளியே ஓடும்போதே ஒரு தூண்டிலைப் பின்னால் விட்டு இழுக்கச் சொல்லலாம். இறகு கட்டிய தூண்டில் முள்ளோ மீன்வடிவப் பிளாஸ்டிக் இரையோ நீரின் மேல்மட்டத்தில் ஓடிவரும். சீலா, பாரை, சில நாள்களில் அறக்குளா இதில் பிடிபடும். எங்கே இழுப்பது என்பதை ஆலாப் பறவைகள் காட்டும். ஆலாக்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சுழன்று நீரில் குத்திக் குத்தி எழுந்தால், கீழே சூடை மீன்களைப் பெரிய மீன்கள் மேலே விரட்டுகின்றன என்று பொருள். கூட்டத்தின் நடுவே படகை விடாமல் ஓரமாகச் சுற்றிவருவார்கள். நடுவே விட்டால் எஞ்சின் சத்தத்தில் கூட்டமே அமிழ்ந்துவிடும். சீலா ஏறினால் அதன் வாய்ப்பக்கம் கை போடாதீர்கள். அந்தப் பற்கள் தங்கூசி என்கிற நைலோன் நூலையே அறுப்பவை.

பாரில்

கடலடியில் உள்ள பாறைத் திட்டை மீனவர்கள் பார் என்பார்கள். கலவாய், விளைமீன் எல்லாம் அதை ஒட்டித்தான் வாழும். இப்போது பலரிடம் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் மூத்தவர்கள் இன்னும் கரையைப் பார்த்தே பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கோணேசர் கோயில் மலையும் அதன் பின்னால் ஒரு மேடும் ஒரே கோட்டில் வர வேண்டும். மறுபக்கம் ஃபவுல் முனை வெளிச்சவீடு ஒரு குறிப்பிட்ட மரக்கூட்டத்தின் மேல் நிற்க வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் நங்கூரம். அந்தக் குறிகள் குடும்பச் சொத்துப்போன்றவை. உங்கள் தொலைபேசியில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள்.

கைத்தூண்டில் என்பது கம்பு இல்லாத தூண்டில். ஒரு போத்தலிலோ மரக்கட்டையிலோ சுற்றிய தங்கூசி, நுனியில் ஈயம், முள். இவ்வளவுதான். இங்கே தடைசெய்யப்பட்டது தங்கூசி வலை, தங்கூசி நூலை வைத்துத் தூண்டில் போடுவதற்குத் தடை இல்லை. பழகுவதற்கு 0.6 மில்லிமீற்றர் அளவுத் தடிப்பு நல்லது, மெல்லிய நூல் கையை வெட்டும். இரைக்குக் கணவாய்த் துண்டுதான் என் முதல் தெரிவு, சதை இறுக்கமானது, சிறு மீன்கள் கொத்தினாலும் முள்ளை விட்டுக் கழராது. இறால் எல்லா மீனுக்கும் பிடிக்கும், சிறு மீனுக்கும் பிடிக்கும் என்பதுதான் தொல்லை.

செய்முறை இப்படி. நூலை விரல்களுக்கிடையே வழுக்கவிட்டு ஈயத்தை இறக்குங்கள். தரையைத் தொட்டதும் நூல் தளரும். உடனே ஒரு பாகம் மேலே இழுத்து நிறுத்துங்கள். பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்த அளவு, கிட்டத்தட்ட ஆறு அடி. கடலின் ஆழத்தையும் அவர்கள் பாகத்தில்தான் சொல்வார்கள். ஈயத்தைத் தரையிலேயே கிடக்கவிட்டால் பாறை விழுங்கிவிடும். முதல் பயணத்தில் நான் மீனுக்குக் கொடுத்ததைவிடப் பாறைக்குக் கொடுத்த ஈயம்தான் அதிகம்.

நூலை ஆள்காட்டி விரலில் தாங்கிப் பிடியுங்கள். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வளையம் ஒன்றை விரலில் மாட்டினால் வெட்டுப்படாது. எந்தக் காரணத்துக்காகவும் நூலைக் கையில் சுற்றாதீர்கள். பெரிய பாரை ஒன்று ஓடத் தொடங்கினால் சுற்று இறுகி எலும்புவரை போகும். நூல் தாராளமாக ஓட வேண்டும், அதனால் காலடியில் சுருள்களை மிதித்துக்கொண்டும் நிற்கக்கூடாது.

மீன் கொத்துவதை விரல் படித்துக்கொள்ள இரண்டு மணி நேரமாவது ஆகும். டக் டக் டக் என்று நடுங்கினால் சிறு மீன் இரையைப் பிய்க்கிறது, காத்திருங்கள். கலவாய் அப்படி விளையாடாது, வாயைத் திறந்து மொத்தமாக உறிஞ்சிவிட்டுப் பொந்துக்குத் திரும்பும். நூல் திடீரென்று கனக்கும். அப்போது யோசிக்க நேரமில்லை, இரண்டு மூன்று பாகம் விரைவாக இழுத்து அதைப் பாறையை விட்டு மேலே எடுத்துவிட வேண்டும். பொந்துக்குள் போய்ச் செவுளை விரித்துக்கொண்டால் நூலை அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. விளைமீன் தலையை ஆட்டி ஆட்டி இழுக்கும். பாரை பக்கவாட்டில் ஓடும். “ஓடவிடுங்கள் தம்பி, ஓடவிடுங்கள், அதற்கும் களைக்கும்” என்று பின்னாலிருந்து குரல் வரும். அந்தக் குரல் சொல்வதைக் கேளுங்கள்.

மீன் கொத்தாத நேரமும் இருக்கும், நிறைய இருக்கும். அப்போது மூதூர்க் கரையைப் பாருங்கள். 1660இல் பாய்மரம் முறிந்த கப்பலைச் சீர்செய்ய இந்தக் குடாவுக்கு வந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞன் இங்கேதான் பிடிபட்டு, கண்டி அரசில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் தடுத்துவைக்கப்பட்டான். அரை நாள் மீன் கொத்தவில்லை என்று அலுத்துக்கொள்ளும் என் உறவினர்களுக்கு அவன் கதையைச் சொல்வேன்.

முள் குத்தினால்

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓரா மீனைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றினேன். கையளவு மீன், பார்க்கச் சாது. படகோட்டி “விடுங்கள், நான் கழற்றுகிறேன்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதுகுச் செட்டை என் உள்ளங்கையில் ஏறிவிட்டது. தோள்வரை நெருப்பு. நாற்பதைத் தாண்டியவன் அழக்கூடாது என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவர் என் வெந்நீர்ப் போத்தலைப் பறித்து, தேநீரைக் கடல்நீரோடு கலந்து, தன் கையில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டு, என் கையை அதில் முக்கிவைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக வலி இறங்கியது.

ஓரா, ஒட்டி, கெளிறு, திருக்கை ஆகியவற்றின் முள்ளில் நஞ்சு உண்டு. அந்த நஞ்சு சூட்டில் சிதையும். தோலைச் சுடாத, ஆனால் நன்றாகப் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், அதாவது 45 பாகை செல்சியசுக்கு மேற்படாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை குத்துப்பட்ட இடத்தை வைத்திருக்க வேண்டும். குத்துப்படாத கையால் சூட்டைச் சோதித்துப் பாருங்கள், வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாது. திருக்கை ஆழமாகக் குத்தியிருந்தாலோ, முள் உள்ளே முறிந்திருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ கரைக்குத் திரும்பி வைத்தியசாலைக்குப் போவதுதான் வழி. வெறும் தேநீர் எதற்கு என்று முன்பு கேட்டவர்களுக்கு விடை இதுதான். சர்க்கரை போட்டிருந்தால் எறும்புக்கும் விருந்தாகியிருக்கும்.

வயிற்றை ஊதிக்கொண்டு பந்துபோல் வரும் பேத்தை மீனைப் பிள்ளைகள் ஆசையோடு தூக்குவார்கள். உடனே கடலில் விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு எவ்வளவு நேரம் சமைத்தாலும் போகாது.

கண்டல் காட்டுக்குள்

ஒன்பது மணியளவில் வெயில் ஏறி, பாரில் மீன் அடங்கும். அப்போது ஆற்றுவாய்க்குத் திரும்புங்கள். என் பெறாமகன் தேடிவந்த காடு இங்கேதான் இருந்தது. கண்ணா மரங்கள் இரண்டு பக்கமும் நீருக்கு மேல் சாய்ந்து, வேர்கள் சேற்றிலிருந்து ஊசிகளாக எழும்பி நிற்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். திடீரென்று உலகமே அமைதியாகிவிடும். மீன்கொத்தி ஒன்று நீரில் விழும் சத்தம் மட்டும்.

இங்கே கம்புத் தூண்டில் வேண்டும். உயிருள்ள இறாலை முதுகில் முள் குத்தி, வேர்களுக்குப் பக்கத்தில், வேர்களுக்குள் அல்ல, விழுமாறு வீசுங்கள். கொடுவாய் நிழலில் நின்று, நீரோட்டம் கொண்டுவரும் இரையை எதிர்பார்க்கும் மீன். வற்றுத் தொடங்கி, வாய்க்கால் நீர் ஆற்றுக்குள் வடிகிற நேரம் அதற்கு உணவு நேரம். செம்பல்லியும் அங்கேதான், அதற்குப் பற்கள் கூர்மை. வீசும் முன் பின்னால் யார் இருக்கிறார் என்று திரும்பிப் பாருங்கள். முள் சிக்குவது பெரும்பாலும் மரத்தில், சில வேளை மாமனாரின் தொப்பியில்.

கொடுவாயைப் பற்றி ஒரு செய்தி. அது ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரிய கொடுவாய்கள் எல்லாம் முட்டையிடும் தாய்கள். மூன்று நான்கு கிலோ எடையுள்ளதைக் கறிக்கு எடுத்துக்கொண்டு, அதைவிட மிகப் பெரிதைப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுவதே என் வழக்கம். படகோட்டிக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம், அவருக்கு அது ஒரு கிழமைச் சாப்பாடு. அதனால் இதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், தேவையானால் அந்த மீனின் விலையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

படகை விட்டுச் சேற்றில் இறங்காதீர்கள். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி காலைக் கிழிக்கும். முதலையும் உண்டு. கை கழுவுவதென்றாலும் வாளியில் மொண்டு கழுவுங்கள். நுளம்புக்கும் ஏதாவது பூசிக்கொள்ளுங்கள், பூசிய கையால் இரையைத் தொடாதீர்கள்.

மீனை வீட்டுக்குக் கொண்டுபோவது

பிடித்த மீனைப் படகின் தரையில் வெயிலில் போட்டுவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் சாப்பிடுவது ருசியற்ற மீன். சூரை, கும்பளா என்றால் ருசியோடு முடியாது. வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும், சமைத்தாலும் அது அழியாது, முகம் சிவந்து தலைவலி, வாந்தி வரும். மீன் ஏறியதும் தலையில் ஒரு தட்டு, செவுளை வெட்டி இரத்தத்தை வடித்து, நொறுக்கிய ஐசோடு கொஞ்சம் கடல்நீர் கலந்த பெட்டிக்குள் போடுங்கள். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு மேல் கிடப்பதைவிட இந்தக் குளிர்நீருக்குள் மீன் விரைவாகக் குளிரும்.

கரையேறியதும் முதலில் கூலி, பிறகு படம், பிறகு வீடு. படகைக் கரைக்கு இழுக்கும்போது நீங்களும் ஒரு கை பிடியுங்கள். அப்போதுதான் அடுத்த முறை எந்தக் கிழமை, எந்தக் காற்று என்பதை அவர் வாய் திறந்து சொல்வார். இரவல் வாங்கிய கம்பையும் சுருளையும் நன்னீரில் கழுவிக் கொடுங்கள், உப்பு ஒரே இரவில் கடித்துவிடும்.

அன்று நாங்கள் கொண்டுவந்தது இரண்டு விளைமீன், ஒரு சிறிய கலவாய், ஒரு கொடுவாய். கலவாயின் தலையை வீட்டுக்காரி சொதிக்கு வைத்தாள், மீதி புளி விட்ட குழம்பு. பெறாமகன் கையில் நூல் அறுத்த கோடு ஒன்றைத் தடவிக்கொண்டே இரண்டாம் முறை சோறு கேட்டான். படுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் திண்ணையில் பாயை விரித்துக்கொண்டு மாலை ஆறு மணிவரை எழும்பவேயில்லை.